நடந்து அறிந்த கல்கத்தா

கல்கத்தா நடந்து பார்க்க வேண்டிய ஊர். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இந்த நகரத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆறு எப்போதும் மேற்கே இருப்பதால், சந்துகளில் திசை தப்பினாலும் கங்கை எந்தப் பக்கம் என்று யாரையாவது கேட்டால் போதும். ஹூக்ளியை அங்கே கங்கை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பேட்டை முடிகிற இடத்திலேயே அடுத்த பேட்டை தொடங்கிவிடுகிறது. காரில் போகிறவருக்கு எல்லாம் ஒரே நெரிசலாகத்தான் தெரியும். இசைக் கருவிக் கடைகள் எங்கே முடிகின்றன, அத்தர் வாசனை எங்கே தொடங்குகிறது என்பது நடப்பவருக்கு மட்டும் தெரியும். பல ஆண்டுகளாக, வெயிலிலும் மழையிலும், கட்டுரையாளர் இந்த நகரத்தில் நடந்து கண்டவையே இங்கே சொல்லப்படுகின்றன.

சென்னையிலிருந்து ரயிலில் போவதே இந்த ஊருக்குள் நுழைய நல்ல வழி. ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கோதாவரிப் பாலம், சிலிக்கா ஏரி, மகாநதி என்று நீர்நிலைகளைக் கடந்து கடந்து வண்டி வங்காளத்துக்குள் போகிறது. கடைசியில் வீட்டுக்கு வீடு குளமும் வாழைக்கொல்லையுமாகத் தட்டையான பசுமை வந்துவிடும். ஹவுரா நிலையத்தின் சிவப்புக் கட்டடம் 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வரைந்தவர் ஹால்ஸி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர். உள்ளே தொங்கும் பெரிய கடிகாரத்தடியில்தான் பல தலைமுறைகளாக ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் காத்து நிற்கிறார்கள். வெளியே வந்தால் எதிரே ஹவுரா பாலம்.

1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. இரு கரைகளிலும் நிற்கும் இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே 457 மீட்டர் இரும்பு. மொத்தம் 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாட்டா ஆலையில் உருக்கியது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் எல்லாமே ரிவிட் அடித்துச் சேர்த்தது. 1965-ல் இதற்கு ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது இன்னும் ஹவுரா பாலம்தான். நடைபாதையில் இறங்கிவிட்டால் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. தலையில் கூடையும் மூட்டையும் சுமந்த ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அவர்கள் வேகத்துக்கு ஒதுங்கிக்கொடுத்தே தீர வேண்டும். வெற்றிலைப் பாக்கு எச்சில் தூண்களின் அடிப்பாகத்தை அரித்ததால், பராமரிப்பவர்கள் அவற்றுக்கு ஃபைபர் உறை மாட்டியிருக்கிறார்கள்.

பாலம் கிழக்குக் கரையைத் தொடும் இடத்தில், கீழே மல்லிக் காட் பூச்சந்தை. விடியலுக்கு முன்பே அது உச்சத்தில் இருக்கும். செண்டுமல்லி மாலைகளைத் தடித்த வடங்கள்போல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு விற்கிறார்கள். காளிக்கென்று செம்பருத்தி மாலைகள், கட்டுக்கட்டாகத் தாமரை மொட்டு, சம்பங்கிக் குவியல். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் சற்று நேரத்தில் ஒன்றைக் கவனிப்பார்: மதுரையிலோ தோவாளையிலோ காலையில் பூச்சந்தைக்குப் போனால் பாதிப் பூ பெண்களின் தலைக்கு, இங்கே பெரும்பாலும் சாமிக்கும் கல்யாணத்துக்கும்தான். படித்துறையில் ஒரு பக்கம் குளியல், ஒரு பக்கம் திதி, ஒரு பக்கம் உடம்பு பிடித்துவிடுகிறவர்கள். காலடியில் மிதிபட்ட இதழ்களும் சேறும் கலந்து வழுக்கும். இங்கே செருப்பைவிட வாரிட்ட காலணி நல்லது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் பழைய நகரம். இதன் முதுகெலும்பு சித்பூர் சாலை; இப்போது ரவீந்திர சரணி. கும்பினிக்காரர்கள் வருவதற்கு முன்பே காளிகாட் கோயிலுக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த தடம் இது என்பார்கள். தெற்கு முனையில் 1926-ஆம் ஆண்டின் நகோதா மசூதி; அதைச் சுற்றி அத்தர், தொப்பி, சேமியாக் கடைகள். கொஞ்சம் தள்ளிப் போனால் ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள். வாசலெங்கும் கண்ணைப் பறிக்கும் சுவரொட்டிகள். கிழக்கே ஒரு சந்து திரும்பினால் ஜோராசங்கோ, தாகூர் குடும்பத்தின் பெரிய வீடு. ரவீந்திரநாதர் 1861-ல் பிறந்ததும் 1941 ஆகஸ்டில் இறந்ததும் இதே வீட்டில்தான். பேட்டைப் பெயர்களில் தொழில்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: தர்ஜிபாரா தையற்காரர்களுடையது, கொலுடோலா செக்காட்டியவர்களுடையது, கன்சாரிபாரா கன்னார்களுடையது.

வடக்குக் கல்கத்தாவின் வீடுகளைப் பார்க்கும்போது தமிழ்க் கண்ணுக்கு முதலில் படுவது திண்ணை. அங்கே அதை ரோவாக் என்கிறார்கள். பச்சைச் சன்னல்களுக்குக் கீழே, வழவழப்பேறிய சிவப்புச் சிமெண்ட் திண்ணையில், மாலையானால் நாலைந்து பேர் உட்கார்ந்து கால்பந்தும் அரசியலும் பேசுகிறார்கள். வழி கேட்டால் நால்வரும் நாலு வழி சொல்லி, பிறகு தங்களுக்குள் வாதாடி, கடைசியில் ஒருவர் எழுந்து முனைவரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார். இது பலமுறை நடந்திருக்கிறது. கட்டுரையாளர் நடந்த பெரிய நகரங்களில் வழி கேட்பவனுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கிற ஊர் வேறில்லை.

தெருவோரக் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நகரத்துக்குக் குடிநீர் தனி, வடிகட்டாத ஆற்று நீர் தனி. இரண்டாவது, தெருக் கழுவுவதற்காகப் பிரிட்டிஷ் காலத்தில் போட்ட ஏற்பாடு. நடைபாதையோர வாய்களிலிருந்து கலங்கலாகப் பொங்கும் அந்தத் தண்ணீரில் காலையில் கைவண்டிக்காரர்களும் சுமை தூக்குவோரும் லுங்கியோடு உட்கார்ந்து குளிக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, இருக்க வீடில்லாமல் இந்த ஊரைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் இவர்கள். அந்தக் குழாய்கள் இல்லாவிட்டால் அவர்களுக்குக் குளியலே இல்லை.

வடக்கில் நடப்பவர் தவறவிடக் கூடாத இடம் குமார்டுலி, குயவர் பேட்டை. பனமாலி சர்க்கார் தெருவில் நுழைந்தால் இருபுறமும் இருண்ட, நீண்ட கொட்டகைகள். அவற்றுக்குள் ஆளுயரத்துக்கும் மேலான சிலைகள் நெருக்கியடித்து நிற்கும். வேலை நடக்கும் முறையை ஒரு கொட்டகையின் வாசலில் பொறுமையாக நின்றால் முழுவதும் பார்த்துவிடலாம். முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பின் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். இடுப்பின் வளைவும் துர்க்கை காலூன்றும் சாய்வும் இந்த நிலையிலேயே வந்துவிடும். பிறகு உமி கலந்த ஒட்டுக் களிமண். அது காய்ந்து வெடித்ததும் விரிசலில் மண்குழம்பில் தோய்த்த துணிக் கீற்றுகளை ஒட்டி, மேலே மெல்லிய மணல்கலந்த மண் பூசுவார்கள். முகம் அச்சில் வருகிறது. விரல்களைத் தனியாகப் பிடித்துக் காயவைக்கிறார்கள். ஒரு பலகையில் வரிசையாகக் கிடக்கும் மண் விரல்களை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாகத் தேவியின் பத்துக் கைகளிலும் பொருத்துகிற சிறுவனைக் கட்டுரையாளர் வெகுநேரம் பார்த்து நின்றதுண்டு. அவன் ஒரு முறைகூட நிமிரவில்லை. வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண். மரபுப்படி மகாளயத்தன்று தலைமைக் கைவினைஞர் கண் திறக்கிறார். கிரீடமெல்லாம் நெட்டியிலும் ஜரிகையிலும் வெளியே செய்து வருபவை.

மழைக்காலத்தில்தான் இந்தப் பேட்டைக்கு வேலை மும்முரம், மழைக்காலத்தில்தான் மண் காயவும் மறுக்கும். ஊதுவிளக்கை வைத்துத் தேவியின் கன்னத்தைக் காய்ச்சுவார்கள். கொட்டகை வாசலில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு படபடக்கும். இத்தனை உழைப்பும் ஐந்து நாள் துர்க்கை பூசைக்குப் பின் ஆற்றில் கரைகிறது. அந்த ஐந்து இரவுகளில் நகரமே நடக்கிறது. வீட்டில் யாரும் இருப்பதில்லை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை புதுத்துணியும் புதுச் செருப்புமாகப் பந்தல் பந்தலாக, விடிய விடிய நடந்து தீர்க்கிறார்கள். 2021-ல் யுனெஸ்கோ இந்த விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொப்புளம் பட்ட குதிகாலோடு அந்தக் கூட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டவருக்குத்தான் அந்த அங்கீகாரத்தின் நியாயம் முழுதாகப் புரியும்.

குமார்டுலியிலிருந்து தென்கிழக்கே வந்தால் காலேஜ் ஸ்ட்ரீட். 1817-ல் இந்து கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சியும், 1857-ல் சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு பிறந்த கல்கத்தா பல்கலைக்கழகமும் இந்தச் சாலையில் இருக்கின்றன. சாலையின் இருபுறமும் தகரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய புத்தகக் கடைகள். கடை என்றால் ஒரு ஆள் சம்மணமிடும் இடம், மற்றதெல்லாம் புத்தகம். பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் தேடாமல் உருவி எடுப்பார். தன்னிடம் இல்லாவிட்டால் பையனை அனுப்பி நாலாவது கடையிலிருந்து வாங்கித் தருவார். எதிரே பழைய ஆல்பர்ட் ஹாலில் காபி ஹவுஸ். உயரமான கூரை, நீளத் தண்டில் சுழலும் மின்விசிறிகள், வெள்ளைத் தலைப்பாகைப் பணியாளர்கள். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அதை நடத்துகிறது. பால் கலக்காத காபிக்கு அங்கே இன்ஃப்யூஷன் என்று பெயர். கும்பகோணத்துக் காபி குடித்து வளர்ந்தவர் காபிக்காக அங்கே போக வேண்டியதில்லை; பேச்சுக்காகப் போகலாம். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த ஊரின் தெருப்பெயர்கள் பல, கால் படுவதற்கு முன்பே தெரிந்தவை. த. நா. குமாரஸ்வாமி வங்காளம் கற்றுத் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல்கள், ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்த பதேர் பாஞ்சாலி, வார இதழ்களில் வந்த சரத்சந்திரர் என்று ஒரு தலைமுறை கல்கத்தாவில் மனதால் வாழ்ந்தது. பாரதி தம் ஸ்வதேச கீதங்களைக் காணிக்கையாக்கிய நிவேதிதையைக் கண்டதும் இந்த ஊரில்தான். ஆகவே பவானிபூர் என்றோ சியால்தா என்றோ எழுதிய பெயர்ப்பலகையை முதன்முதலாகப் பார்க்கையில் அது புது ஊரின் பலகையாகத் தோன்றுவதில்லை.

நடப்பவருக்குத் துணையாக இந்த நகரத்தில் இருந்த ஒரே வாகனம் டிராம். 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவுக்கும் ஆர்மீனியன் காட்டுக்கும் இடையே குதிரைகள் இழுத்துச் சென்றது. 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. சென்னை இதில் முந்திக்கொண்ட ஊர். அங்கே 1895-லேயே மின் டிராம் வந்து, 1953-ல் நின்றுபோனது. அதே 1953-ல் கல்கத்தாவில் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்காக டிராம்களைக் கொளுத்தினார்கள். அவ்வளவு பேருடைய அன்றாடமாக அது இருந்தது.

இரண்டு பெட்டிகள் கோத்து ஓடிய நாட்களில் முன்பெட்டியில் மின்விசிறி உண்டு, கட்டணம் சற்றுக் கூட; பின்பெட்டி மலிவு. மரத்தாலான இருக்கைகள், இரும்பு வார்ப்புச் சன்னல் கட்டைகள். ஓட்டுநர் காலால் மிதித்து மணியடிப்பார். வளைவில் கூரைக்கம்பி மேலே மின்கம்பியை விட்டு விலகிவிட்டால் வண்டி உயிரற்று நின்றுவிடும். கண்டக்டர் அவசரப்படாமல் இறங்கி, பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே கம்பியை மறுபடி அதன் இடத்தில் மாட்டுவார். பின்னால் நிற்கும் பேருந்துகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும். டிராமின் வேகம் நடப்பவரின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. சன்னலோரம் இருப்பவர் கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம், விருப்பம் தோன்றினால் இறங்கிவிடலாம்.

அப்படி வாசித்து இறங்கிய ஒருவர் வரலாறாகவே ஆனார். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1907-ல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் டிராமில் போய்வந்தவர், பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்து இறங்கினார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் நிறுவிய அந்தக் கழகம் அப்போது ஆளின்றிக் கிடந்தது. அன்றிலிருந்து அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ராமனின் ஆய்வுகள் அங்கே நடந்தன. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் அங்கே வந்து சேர, 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு வெளிப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு. கழகம் பின்னர் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. பௌபஜாரில் இப்போது நகைக்கடைகளும் மரச்சாமான் கடைகளும். ஆனாலும் தமிழர் ஒருவர் அந்தத் தெருவில் நடக்கும்போது 210-ஆம் எண்ணைக் கண்கள் தேடாமல் இருப்பதில்லை.

டிராம் ஒரு கவிஞரின் உயிரையும் வாங்கியிருக்கிறது. 1954 அக்டோபரில் ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி ஜீவனானந்த தாஸ் படுகாயமுற்று, சில நாளில் இறந்தார். கல்கத்தாவின் இரவு வீதிகளில் அலைவதையே கவிதையாக்கியவர் அவர்.

நடுப்பகுதியின் அரசுக் கட்டடங்களை விரைவாகப் பார்த்து முடித்துவிடலாம். பழைய டல்ஹௌஸி சதுக்கம் இப்போது, 1930-ல் அரசுச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் புகுந்து சுட்ட பினாய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக 1911-ல் அறிவித்தபின் இந்தக் கட்டடங்களின் பெரிய தூண்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அவற்றைவிட அவற்றின் முதுகுப்புறச் சந்துகள் மேலானவை. ஆர்மீனியர் தெருவில் 1724-ஆம் ஆண்டின் நாசரேத் தேவாலயம், நகரத்திலேயே பழமையானது. பக்கத்தில் 1884-ல் கட்டிய மாகன் டேவிட் யூத ஆலயம். இன்னும் கொஞ்சம் கிழக்கே டிரெட்டி பஜாரில் விடிகாலையில் சீனக் குடும்பங்கள் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கக் கொழுக்கட்டையும் மீன் உருண்டைச் சூப்பும் விற்கின்றன. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் தீர்ந்து தெரு காய்கறிச் சந்தையாகிவிடும். அரை மணி நேர நடையில் ஆர்மீனியர், யூதர், சீனர், நகோதா மசூதியின் குஜராத்தி முஸ்லிம் என்று நான்கு உலகங்கள். யூதர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். சீனர்களின் எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே போகிறது. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவது நல்லது.

பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் 1767-ல் திறந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் உண்டு. கல்லறைகள் பிரமிடுகளாகவும் கோபுரங்களாகவும் பாசி படிந்து நிற்கின்றன. ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், இருபத்திரண்டு வயதில் மறைந்த ஆசிரியர் டெரோஸியோ ஆகியோர் இங்கே இருக்கிறார்கள். கல்வெட்டுகளை வாசித்துக்கொண்டே போனால் பெரும்பாலானவர்கள் இளவயதினர் என்பது மனத்தைப் பிசையும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கொண்டுபோயின.

தெற்கே போகப் போகத் தெருக்கள் அகலும், மரங்கள் கூடும். ராஷ்பிஹாரி அவென்யூவில் லேக் மார்க்கெட் வந்ததும் காற்றே மாறிவிடும். வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், பூச்சரம், அப்பளக் கட்டு. தலைமைக் கணக்காயர் (ஏஜி) அலுவலகத்திலும் ரயில்வேயிலும் தேயிலைக் கம்பெனிகளிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் குடியேறி, உணவு விடுதியும் பள்ளிக்கூடமும் சங்கமும் வைத்துக்கொண்டன. இட்லி சாப்பிட வருகிறவர்களில் இப்போது வங்காளிகளே அதிகம். கடையில் வாழைத்தண்டு விற்கும் வங்காளிப் பெண் விலையைத் தமிழில் சொல்லுவாள். பதிலுக்கு மாமிகள் வங்காளத்தில் பேரம் பேசுவார்கள்.

நடக்க ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதுதான் பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பும் கிடைக்கும். ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஆடி மழையில் டண்டனியாவிலும் காலேஜ் ஸ்ட்ரீட்டிலும் முழங்கால் தண்ணீர். அந்த நாட்களில் கை ரிக்‌ஷா மட்டுமே போகும். மனிதரை மனிதர் இழுக்கும் அந்த வண்டியில் ஏறக் கட்டுரையாளருக்கு மனம் ஒப்பியதில்லை. ஆனால் வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகளை நனையாமல் வீடு சேர்ப்பவர்கள் அந்த ரிக்‌ஷாக்காரர்களே. மாற்றுப் பிழைப்புக் கொடுக்காமல் அதைத் தடைசெய்யச் சொல்வதும் நியாயமில்லை.

1984 அக்டோபரில் நாட்டின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடியது. 2024 மார்ச்சில் அது ஆற்றுக்கு அடியிலும் போகத் தொடங்கியது. ஹவுராவிலிருந்து வருபவர் 520 மீட்டர் நதியை 45 வினாடியில் கடந்துவிடுகிறார். அதே ஆண்டு செப்டம்பரில், மைதானத்தைச் சுற்றி ஒரு பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. நெரிசலைக் காரணம் சொல்கிறார்கள். புகை விடாத, ஏழைக்கும் முதியவருக்கும் கட்டுப்படியான வாகனத்தை எடுத்துவிட்டுக் கார்களுக்கு இடம் விடுவது தவறான கணக்கு. உலகின் பல நகரங்கள் பெயர்த்தெடுத்த தண்டவாளங்களை மீண்டும் பதித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அவசர வேலை உள்ளவர்களுக்கு மெட்ரோ பெரிய வரம், அதில் ஐயமில்லை. அவசரம் இல்லாதவர்களுக்கு, ஹவுரா நிலையத்தை ஒட்டிய படித்துறையிலிருந்து பாபுகாட்டுக்கும் பாக்பஜாருக்கும் படகுகள் இன்னும் சில ரூபாய்க் கட்டணத்தில் போகின்றன.